கும்பிட்ட கையில் பட்ட பந்து

பேச்சிலர்ஸ் அணி ஜெயித்தால் உலகம் முடிந்துவிடும் என்று வேதாகமத்தின் எந்த அதிகாரத்திலும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் சாந்தோமுக்கும் மந்தைவெளிக்கும் நடுவிலே இருக்கிற அந்தக் கத்தோலிக்கப் பங்கில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். மிச்சக் கால்வாசிப் பேரை நம்பவைக்க ஒரு நிலைக்குழு இருந்தது.

திருவிழாச் சனிக்கிழமை சாயந்திரம் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட மைதானத்தில் கல்யாணமான ஆண்கள் ஒரு பக்கமும் ஆகாத ஆண்கள் ஒரு பக்கமும் நின்று கால்பந்து ஆடுவார்கள். மேரீட்ஸ் – பேச்சிலர்ஸ் மேட்ச். பேச்சிலர்ஸுக்கு வயதும் தொப்பையும் பாதிதான், ஓட்டமோ நாலு மடங்கு. ஆனால் ஜெயிப்பது மேரீட்ஸ். ஏனென்றால் ஆட்டத்துக்கு விதிகள் உண்டு. விதிகளுக்குக் குழு உண்டு. ‘பங்குக் கால்பந்து விதி அமலாக்க நிலைக்குழு’ என்று அதற்கு ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. குழுவில் சேரப் பக்குவம் வேண்டும். பக்குவத்துக்கு அத்தாட்சி கல்யாணம். ஆகவே குழு முழுக்க மேரீட்ஸ்.

உலகத்துக்குப் பதினேழு விதி போதுமானதாக இருக்கிறது. அணிக்குப் பதினொரு பேர், கோல்கீப்பரைத் தவிர யாரும் கையால் தொடக் கூடாது, பந்து கம்பத்துக்கு நடுவே போனால் கோல் என்று குழந்தைகூட மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். நிலைக்குழு ஒவ்வொரு விதிக்கும் கீழே உட்பிரிவு சேர்த்து வைத்திருந்தது. போன வருஷம் பேச்சிலர்ஸ் போட்ட முதல் கோல், விசில் ஊதும் முன்பே அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதால் ரத்தானது. இரண்டாவது, அடித்தவனின் சட்டை வெளியே தொங்கியதால். அடுத்ததற்குக் காரணமே சொல்லவில்லை. காரணம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அது இன்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

ஜேக்கப்புக்கு முப்பத்தொன்று. தரமணியில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்கள் எழுதின மென்பொருளில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. அப்பேர்ப்பட்டவனால் இந்தக் குழுவில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முடிந்ததில்லை, எங்கே தொட்டாலும் ஓட்டையாகவே இருந்ததால். மீசை முளைத்த நாளிலிருந்து பேச்சிலர்ஸுக்கு ஆடுகிறான். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு, ஏனென்றால் திங்கட்கிழமை அவனுக்குக் கல்யாணம். அதற்கப்புறம் மேரீட்ஸ். சாகிறவரை வருஷா வருஷம் ஜெயித்துத் தொலைய வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நியாயமாக ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான்.

இதிலே ஒரு சின்னச் சிக்கல். மணப்பெண் கரோலுடைய அப்பா ஃபிரெட்ரிக்தான் நிலைக்குழுத் தலைவர். மேரீட்ஸின் கேப்டனும் அவரே, கோல்கீப்பரும் அவரே. மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது முறையா என்று முன்பொரு தடவை யாரோ கேட்டுவிட்டார்கள். அதை விசாரிக்க உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் ஃபிரெட்ரிக்.

புதன்கிழமை சாயந்திரம் பங்கு ஹாலுக்கு வரச் சொல்லி ஜேக்கப்புக்கு ஆள் வந்தது. மேசைக்குப் பின்னால் ஃபிரெட்ரிக்கும், செயலாளர் ஆரோக்கியநாதனும், மசால் வடைத் தட்டும் இருந்தார்கள். ஆரோக்கியநாதன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிரே நிற்பவன் யாராயிருந்தாலும் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் என்றே பார்ப்பவர். விஷயம் இதுதான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. ஜேக்கப்புக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஆக, அவன் மூன்றில் இரண்டு பங்கு மேரீட். அவனைப் பேச்சிலர்ஸில் முழுசாக ஆட விடலாமா?

மேட்ச் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பேச்சிலர்ஸுக்கும் மீதியை மேரீட்ஸுக்கும் ஆடட்டும் என்றார் ஆரோக்கியநாதன். இடது கால் ஒரு அணிக்கு, வலது கால் ஒரு அணிக்கு என்று இன்னொரு யோசனையும் வந்தது. ஜேக்கப்பின் வலது கால் பலமானது என்பதால் அது மேரீட்ஸுக்கு என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

ஜேக்கப் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஆஃப்சைடு விதியைத்தான் பிடித்தான். பந்து பாஸ் ஆகிற அந்த நிமிஷத்தில், தனக்கும் எதிராளியின் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் இரண்டு பேராவது இருந்தால் ஒருவன் ஆஃப்சைடு இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர்.

“எனக்கு முன்னாடி இன்னும் ரெண்டு இருக்கு அங்கிள். மூணாவது ஓலை ஒண்ணு, திங்கக்கிழமை கல்யாணப் பூசை ஒண்ணு. சனிக்கிழமை கணக்குக்கு நான் ஆன்சைடுதான்.”

குழுவின் சரித்திரத்தில் யாரும் விதியை வைத்துப் பதில் சொன்னதில்லை. ஃபிரெட்ரிக் வடையைக் கீழே வைத்தார். மருமகனாக வரப்போகிறவனின் வாய் இவ்வளவு நீளம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அனுமதித்தார்கள். ஆனால் பேச்சிலர்ஸ் அணி மொத்தமும் தங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அவரவர் அம்மாவைக் கூட்டிவந்து சொல்லவைக்க வேண்டும் என்று உட்பிரிவு போட்டார்கள். அம்மாக்கள் வந்தார்கள். ஆகவில்லையே என்று அழுதுவிட்டுப் போனார்கள்.

அடுத்த தலைவலி நடுவர். நடுவர் எந்தப் பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும் என்பது விதி. மேரீட் ஊதினால் பேச்சிலர்ஸ் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பேச்சிலர் ஊதினால் மேரீட்ஸ் ஊதவே விட மாட்டார்கள். ஃபாதரைக் கேட்கலாம் என்றால் அவரும் கணக்குப்படி பேச்சிலர். கடைசியில் மீர்சாகிப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்துல் கய்யூமைப் பிடித்தார்கள். அவருக்குக் கல்யாணமாகி வெகு காலம். ஆனால் மனைவி அஃப்சருன்னிசா கோபித்துக்கொண்டு ஆம்பூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். மேரீட்தான், ஆனால் தற்சமயம் அமலில் இல்லை. இதைவிட நடுநிலையான ஆள் சென்னையில் கிடையாது என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. நடுவருக்குக் கண் தெரியவில்லை என்று யாரும் கத்தவும் முடியாது. கத்தினால் அடுத்த நாளே கூப்பிட்டு உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றிப் பங்கே கூடியிருந்தது. கரோல் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் அம்மா லிசாவோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீடியோ எடுக்க அமர்த்தியிருந்த சைஃப், மாப்பிள்ளை பந்தாடுவதையும் ஆல்பத்தில் சேர்க்கலாமென்று ட்ரோனோடு வந்திருந்தான். வந்தவனைப் பார்த்ததும் ஃபிரெட்ரிக்குக் கண் பளிச்சென்றது. உலகக் கோப்பையிலே வீடியோ நடுவர் இருக்கிறார். நமக்கு மட்டும் என்ன குறைச்சல்? அந்த இடத்திலேயே சைஃபுக்கு நியமன உத்தரவு வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டது.

ஆட்டம் தொடங்கியது என்று சொல்லக் கூடாது. அதற்கு முன் பந்து உருண்டைதானா என்று குழு உருட்டிப் பார்த்தது. பிறகு தொடங்கியது. பேச்சிலர்ஸ் பந்தை வெளியிலிருந்து எறியும்போதெல்லாம் ஆரோக்கியநாதன் குனிந்து, இரண்டு காலும் தரையில் இருக்கிறதா, பந்து தலைக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று பார்த்தார். விளையாடிக்கொண்டே பார்த்தார், ஏனென்றால் அவர்தான் மேரீட்ஸின் தடுப்பாட்டக்காரர். கய்யூம் காட்டிய மஞ்சள் அட்டையின் பின்பக்கம் கடை விலாசம் அச்சடித்திருந்தது. அட்டை வாங்கினவர்கள் அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள். இடைவேளைக்குப் பிறகு மேரீட்ஸில் ஒவ்வொருவராக உட்கார்ந்து பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் முழுங்கிய நேரத்தையெல்லாம் கய்யூம் விதிப்படி கடைசியில் கூட்டினார். இருட்டப் போகிறது, இன்னும் இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அந்தக் கூட்டின நேரத்தில்தான் ஜேக்கப் இரண்டு பேரைத் தாண்டிக் கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டிப் பெட்டிக்குள் வந்து ஓங்கி உதைத்தான். பந்து கோலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவிலே ஆரோக்கியநாதன் நின்றார். அவர் பந்தைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் ஸ்கூட்டரில் வெள்ளை உடுப்பில் ஒருவர் வருவதைப் பார்த்தார். ஃபாதர் வந்துவிட்டார் என்று, பிறந்ததிலிருந்து செய்துவருகிறபடி, இரண்டு கையையும் குவித்து, “ஸ்தோத்திரம் சாமி” என்றார். குவித்த கையில் பந்து வந்து பட்டென்று அறைந்து வெளியே போனது.

கய்யூம் விசில் ஊதி, பெனால்டி புள்ளியைக் காட்டினார். தன் பெட்டிக்குள் தடுப்பாட்டக்காரர் கையால் பந்தைத் தடுத்தால் பெனால்டி. எதிரணியில் ஒருவர் தனியாக நின்று அடிப்பார், தடுக்கக் கோல்கீப்பர் மட்டும். இதைப் புரிந்துகொள்ளப் பக்குவம்கூடத் தேவையில்லை.

நிலைக்குழு மைதானத்திலேயே கூடியது. ஆரோக்கியநாதன் குற்றவாளி, வழக்கறிஞர், செயலாளர் ஆகிய மூன்று நிலைகளிலும் நின்று பேசினார்.

“கை இயற்கையான நிலையில இருந்து, அதுல பந்து பட்டா தப்பில்ல. அதுதான் விதி. சரியா? மேய்ப்பரைப் பார்த்ததும் குவியறதுதான் கத்தோலிக்கனோட கைக்கு இயற்கையான நிலை. தொங்கவிட்டுக்கினு நின்னிருந்தேன்னா, அதுதான் ஃபவுல்.”

கூட்டத்தில் பல பேர் தலையாட்டினார்கள். ஜேக்கப்புக்கே ஒரு நிமிஷம் தன் ஞானஸ்நானத்தின் மேல் சந்தேகம் வந்தது. சைஃபின் வீடியோவைப் பார்க்கலாம் என்று கய்யூம் சொன்னார்.

எல்லோரும் ஹாலுக்குள் போய் லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். சைஃபின் மென்பொருளுக்குக் கல்யாணம் தவிர வேறெதுவும் தெரியாது. படம் ஓட ஆரம்பித்ததும் வயலின் இழைந்தது. பந்து மெல்ல மெல்ல, மிதந்து மிதந்து வந்தது. வானத்திலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. ஆரோக்கியநாதனின் கைகள் தாமரை மொட்டு மாதிரிக் குவிந்தன. பந்து கையில் படுகிற கணத்தில் படம் இதய வடிவத்தில் சுருங்கி, ஜேக்கப்பும் கரோலும் பெசன்ட் நகர் கடற்கரையில் பலூனோடு ஓடினார்கள். குழு உறுப்பினர்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆரோக்கியநாதன் தனக்கு ஒரு பிரதி வேண்டுமென்றார்.

“அலங்காரத்தையெல்லாம் எடுத்துட்டு போடு நைனா,” என்றார் கய்யூம்.

எடுத்துவிட்டுப் போட்டபோது ஸ்கூட்டர்க்காரர் தெரிந்தார். வெள்ளை மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், முதுகில் சதுரப் பெட்டி. ஃபாதர் அந்த நேரம் கோவிலுக்குள் பாவங்களைச் சொல்ல வந்தவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். இது யார் என்று கேட்பதற்குள் அந்த ஆளே ஹால் வாசலில் வந்து நின்றார். நிலைக்குழுத் தலைவர் பெயருக்குப் பத்து மட்டன் பிரியாணி, ஓடிபி சொல்லுங்க சார் என்றார்.

ஆரோக்கியநாதன் ஸ்தோத்திரம் சொன்னது பிரியாணிக்கு. பிரியாணிக்குக் கை குவிப்பது இயற்கையான நிலைதான் என்று மேரீட்ஸில் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். அவர் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். வேறு வழியில்லை. பெனால்டி உறுதியானது.

ஜேக்கப் பந்தைப் புள்ளியில் வைத்தான். பின்னால் நகர்ந்தான். கய்யூம் விசிலை வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து மைதான வாசலில் ஆட்டோ ஒன்று நின்று, ஒரு சூட்கேஸும் ஒரு வாழைத்தாரும் இறங்கின. பின்னாலேயே அஃப்சருன்னிசா இறங்கினார்.

ஃபிரெட்ரிக் கோல் கம்பத்திலிருந்தே கையைத் தூக்கிவிட்டார். நடுவரின் மனைவி திரும்பி வந்துவிட்டதால் நடுவர் முழு மேரீட் ஆகிவிட்டார், நடுநிலை போய்விட்டது, ஆட்டத்தை நிறுத்து என்றார். அம்மா பெனால்டி முடிகிறவரை மட்டும் ஆம்பூருக்குப் போய் வர முடியுமா என்று ஆரோக்கியநாதன் மரியாதையாகக் கேட்டார். அஃப்சருன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேரே கணவரிடம் போனார். குரல் தழுதழுத்தது.

“ஏங்க, நான் இல்லாம இத்தனை நாள் எப்படிங்க இருந்தீங்க?”

கய்யூம் அன்பாகத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஆட்டத்தின் நேரம் ஓடிக்கொண்டிருந்ததே, பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

அவ்வளவுதான். “வாட்சைப் பாக்குறாரு,” என்று அஃப்சருன்னிசா மொத்த மைதானத்துக்கும் அறிவித்தார். “நான் வந்து ரெண்டு நிமிஷம் ஆகல, வாட்சைப் பாக்குறாரு.” வாழைத்தாரைக் கணவர் காலடியில் போட்டுவிட்டு, சூட்கேஸை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நடுநிலை மீண்டுவிட்டதாகப் பேச்சிலர்ஸ் பக்கம் கைதட்டல் எழுந்தது. கய்யூம் மட்டும் கைதட்டவில்லை. வாசலையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சீக்கிரம் அடி தம்பி, புண்ணியமா போவும்,” என்றார்.

ஃபிரெட்ரிக்குக் கையிருப்பில் இன்னும் ஒரு விதி இருந்தது. அடிப்பதற்கு முன்னால் கோல்கீப்பர் உரையாற்றலாம் என்பது அது. கோட்டின் மேல் நின்றபடியே ஆற்றினார்.

“இத்தனை வருஷமா நாங்க எதுக்கு ஜெயிக்கிறோம்? எங்களுக்காகவா? உங்களுக்காகத்தாம்பா. இந்தப் பங்குல ஒருத்தன் ஏன் கல்யாணம் பண்ணிக்கிறான்? தோத்துத் தோத்து அலுத்துப்போய், ஒருநாள் வீட்டுக்கு வந்து, அம்மா, பொண்ணு பாருங்கிறான். நானே அப்படித்தான் கட்டிக்கிட்டேன். பேச்சிலர்ஸ் ஒருதடவை ஜெயிச்சுட்டான்னு வை, அப்புறம் எவன் கட்டுவான்? ஞானஸ்நானம் இருக்காது. கொயர்ல பாட ஆள் இருக்காது. விதி விளையாட்டுக்கு இல்ல. விதி பங்கைக் காப்பாத்துறதுக்கு.”

லிசா மடியிலிருந்த டீ பிளாஸ்க்கை மூடினார். மூடிய சத்தம் தூரம்வரை கேட்டது. இந்த மனிதரின் ராத்திரிச் சாப்பாடு பற்றிய தீர்ப்பு அதில் இருந்தது. கரோல் நாற்காலியிலிருந்து எழுந்து கம்பத்துக்குப் பக்கத்தில் வந்தாள்.

“ஜேக்கப், நீயும் ஜெயிக்கிற டீமுக்கு வரத்தான் என்னைக் கட்டிக்கிறியா?”

“சீ, இல்ல கரோல்.”

“அப்போ இப்பவே ஜெயிச்சுக் காட்டு. ஜெயிச்சவன் அப்புறமும் வந்து கட்டிக்கிட்டான்னா நம்புறேன். கோல் விழலன்னா, திங்கக்கிழமை பூசைக்கு நான் வர மாட்டேன்.”

அவள் அப்பாவின் பெண். சொன்னால் சொன்னதுதான். ஜேக்கப்புக்கு உள்ளங்கால்வரை வியர்த்தது. நியாயமாக ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவனின் தலையில் இப்போது கல்யாணமே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் அவனைவிட மோசமாக வியர்த்தது ஃபிரெட்ரிக்குக்கு. திருச்சியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் அவர் வீட்டு ஹாலில் வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். கல்யாணம் நின்றால் சமாதானம் பேசுகிறோம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த திருவிழாவரை கிளம்ப மாட்டார்கள்.

விசில் ஊதியது. ஜேக்கப் ஓடி வந்தான். இடதா வலதா என்று கடைசி எட்டுவரை முடிவு செய்யாமல், இரண்டுக்கும் நடுவிலே, அம்மா சாதம் பரிமாறுகிற மாதிரி மெதுவாக ஒரு தட்டு தட்டினான். பந்து நேரே உருண்டு எழும்பி ஃபிரெட்ரிக்கின் வயிற்றில் போய்ப் பொருந்தியது. ஆயுளில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகப் பிடித்திராத அவருடைய கைகள், யாரைக் கேட்டோ, அதை அணைத்துக்கொண்டன.

மேரீட்ஸ்கூடக் கத்தவில்லை. ஃபிரெட்ரிக் கையிலிருந்த பந்தைப் பார்த்தார், யாரோ வீட்டுக் குழந்தையை யாரோ கொடுத்துவிட்டுப் போன மாதிரி. பிறகு மகளைப் பார்த்தார். கரோல் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் லிசாவும் அதே மாதிரி நின்றார்.

நிலைக்குழுத் தலைவர் பந்தை மார்போடு அணைத்தபடி, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், கோல் கோட்டுக்குப் பின்னால் ஓர் எட்டு வைத்தார். போதாதோ என்று இன்னோர் எட்டும் வைத்தார். வலை முதுகில் உரசியது.

கய்யூம் கோலுக்கும் ஆட்டம் முடிந்ததற்கும் சேர்த்து ஒரே விசிலாக ஊதிவிட்டு, வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டதால் மூச்சு விடும்போதெல்லாம் ஊதிக்கொண்டே ஓடினார். தெருவில் போன ஆட்டோக்கள் எல்லாம் போலீஸ் என்று நினைத்து ஓரம் கட்டின. அஃப்சருன்னிசா ஏறியிருந்த ஆட்டோவும்தான்.

பேச்சிலர்ஸ் ஜேக்கப்பைத் தோளில் தூக்கினார்கள். உலகம் முடியவில்லை. லஸ் பக்கம் வழக்கம்போல ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆரோக்கியநாதன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவசரக் கூட்டம் நடத்தி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். ஆட்டத்தின் ஒரே கோலில் பந்தை உள்ளே எடுத்துச் சென்றவர் ஃபிரெட்ரிக். ஆகவே இந்த வருஷமும் கோல் போட்டது மேரீட்ஸ்தான். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. தன்னிடம் ஓடிவந்த ஜேக்கப்பின் தலைமயிரைக் கரோல் கலைத்துவிட்டு, இந்த லட்சணத்தில்தான் அடிப்பாயா என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஃபிரெட்ரிக் வலைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தார். மருமகனின் தோளில் கையைப் போட்டு, சற்று ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கால் தடுக்கிடுச்சு மாப்ள. யார் கேட்டாலும் அதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அடுத்த வருஷம் நம்ம டீம்ல எவன் வேணா பெனால்டி அடிக்கட்டும். நீ மட்டும் கிட்ட வரக் கூடாது.”